திரிவேணிக்குக் கிராமி: இதில் நாம் மகிழ என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரி 3, காலை 7.10. ஒரு வாசகர் கேட்டது:

“சந்திரிகா டாண்டனுக்குக் கிராமி என்று விடிந்ததிலிருந்து ஒரே கொண்டாட்டமாக இருக்கிறது. அது தொலைக்காட்சியில்கூடக் காட்டாத பிரிவு. சின்ன வயதிலிருந்து சிதாரே கதி என்று இருக்கும் அனுஷ்கா சங்கரை விட்டுவிட்டு, வணிக உலகில் பெயர் எடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதில் நாம் மகிழ என்ன இருக்கிறது?”

பிப்ரவரி 3, காலை 7.45

இந்தக் கேள்வியில் பாதி என்னுடையதும்தான். கிராமி இசை விருது விழா நடக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு பகல் பன்னிரண்டரை என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை 2 மணி. அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரும் விழித்துவிடாதபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பகல் நிகழ்ச்சி முழுவதையும் பார்த்தேன். இப்போது பெரிய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் எழுதுகிறேன்.

தொலைக்காட்சியில் காட்டாத பிரிவு என்பதை ஒரு குறையாகச் சொல்லாதீர்கள். இந்த ஆண்டு மொத்தம் 94 விருதுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பகலிலேயே பக்கத்து அரங்கில் கொடுத்து முடிக்கப்பட்டுவிடும். மாலையில் உலகம் பார்க்கும்போது வாசிக்கப்படுபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல், ரெக்கே, ஒலிப்பதிவுப் பொறியாளர்கள், எல்லோருக்கும் பகல்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு எது கிடைத்தாலும் பெரும்பாலும் அந்தப் பகலில்தான் கிடைக்கும்.

நியூ ஏஜ் (தியான இசை), ஆம்பியன்ட் (சூழல் இசை), சான்ட் (மந்திர ஓதல்) ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டியது அந்தப் பிரிவு. போட்டியில் இருந்தவற்றில் நான்கு ஆல்பங்களுக்கு இந்திய வேர் உண்டு: சந்திரிகாவின் ‘திரிவேணி’, அனுஷ்காவின் ஆல்பம், ரிக்கி கேஜுடையது, ராதிகா வெக்காரியாவுடையது. இன்னொன்று, 2023 மார்ச்சில் காலமான ஜப்பானிய இசைக் கலைஞர் ரியூச்சி சகமோட்டோவின் பியானோ. என் மனம் அனுஷ்காவுக்கு என்று எப்போதோ எழுதிவைத்துவிட்டது. வேறு பெயர் வாசிக்கப்பட்டபோது வாயில் வந்த முதல் சொல் ‘ஐயோ’.

ஆனாலும் சென்னையில் பிறந்து, மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஒருவர் எழுபது வயதில் மேடையேறி வாங்கியதைப் பார்க்க நெஞ்சு நிறைந்ததும் உண்மை. நம் ஊர்ப் பெண் ஒருவர் கிராமி வாங்குவது இதுவே முதல் முறை. திரிவேணியை நான் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 3, காலை 10.50

பியான்சேவுக்கு ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

இந்த விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டது இது ஐந்தாவது முறை. 2010இல் டெய்லர் ஸ்விஃப்டிடம் போனது. 2015இல் பெக். 2017இல் அடேல். 2023இல் ஹாரி ஸ்டைல்ஸ். ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வாசிக்கப்பட, முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய முகம் அது. எண்ணிக்கையில் அவரைவிட அதிகக் கிராமி வாங்கியவர் யாரும் இல்லை; இன்றோடு 35. அப்படிப்பட்டவருக்கு இந்த ஒன்று மட்டும் எட்டாமலே இருந்தது. 1999இல் லாரின் ஹில் வாங்கியதற்குப் பிறகு ஒரு கறுப்பினப் பெண் இந்த விருதை வாங்க 26 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதற்குக் கொஞ்சம் முன்பு சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கும் அவர் பெயரே வந்தது. கொடுத்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். பெயர் வாசித்த நொடியில் பியான்சேவின் முகத்தைப் பார்த்தீர்களா? வாய் திறந்து, கண் விரிந்து, பக்கத்தில் இருப்பவர்கள் தொட்டுச் சொல்லும்வரை எழவே இல்லை. அதை நடிப்பு என்று எழுதியிருப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஆல்பத்துக்குப் போன செப்டம்பரில் நாஷ்வில் கன்ட்ரி விருதுகளில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு நடுவீட்டில் இலை போட்டால் திகைப்பு வரத்தான் செய்யும்.

பிப்ரவரி 3, பகல் 1.20

ஒரு திருத்தம். காலையில், நம் ஊர்ப் பெண் ஒருவர் வாங்குவது இதுவே முதல் முறை என்று எழுதிவிட்டேன். தவறு. 2010 ஜனவரி 31 அன்று ஏ.ஆர்.ரகுமானுக்கு இரண்டு கிராமி கிடைத்ததே, அதில் ஒன்று ‘ஜெய் ஹோ’ பாடலுக்கு. அந்த விருது மூன்று பேருக்கு உரியது: ரகுமான், குல்சார், தன்வி ஷா. பாட்டில் வரும் ஸ்பானிய வரிகளை எழுதியவர் சென்னைப் பாடகி தன்வி ஷா.

சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன்! இரண்டு பெயர் நினைவில் நின்றது, மூன்றாவது நழுவிவிட்டது.

பிப்ரவரி 4, காலை

நேற்று இரவு எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான். கோபத்தில் எழுதினால் கையெழுத்தும் கெடும், கருத்தும் கெடும்.

மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியில் தபலா மேதை ஜாகிர் உசேன் இல்லை. கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் பியானோவில் பாட, திரையில் ஒவ்வொரு முகமாக வந்து போகிறது. இதோ வரும், இதோ வரும் என்று நான் கண் இமைக்காமல் இருந்தேன். பாட்டு முடிந்தது. விளக்கு மாறியது. அவர் வரவில்லை.

2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார், 73 வயதில். அவர்கள் மறந்துபோகும் அளவுக்குப் பழைய செய்தியா இது? சரியாக ஓர் ஆண்டுக்கு முன்பு, 2024 பிப்ரவரி 4 அன்று, இதே விழாவில் ஒரே நாளில் மூன்று கிராமி வாங்கியவர். பேலா ஃபிளெக், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியாவோடு சேர்ந்து இரண்டு. அவர் வாசித்த சக்தி இசைக்குழுவின் ‘திஸ் மொமன்ட்’ ஆல்பத்துக்கு ஒன்று. அந்த மூன்று விருதையும் கொடுத்த அதே கை, பட்டியல் போடும்போது அவரை விட்டுவிட்டது.

நேரம் போதாது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஒரு முகத்துக்கு நான்கு நொடி. நான்கு நொடிக்கு இடமில்லாத அளவுக்கு அந்த மூன்றரை மணி நேரத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை.

பிப்ரவரி 4, இரவு 11

ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஒரு படம் காட்டாததற்கு இவ்வளவு வருத்தமா? அவருடைய வாசிப்பு இருக்கிறதே, அது போதாதா?” நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறார். அவருக்கு என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 13 வயது. கஞ்சிரா கற்றுக்கொண்டிருந்தேன். டிசம்பர் சீசனில் ஒரு சபாவில் வாத்தியாருக்குக் கச்சேரி. பிற்பகல் இரண்டு மணி, இலவச நுழைவு. பாட்டு, வயலின், மிருதங்கம், பிறகு உபபக்கவாத்தியமாக எங்கள் வாத்தியாரின் கஞ்சிரா. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. பையில் கஞ்சிரா, ஒரு துண்டு, மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர்.

கஞ்சிராவைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்காக: பலா மரத்தில் கடைந்த ஒரு வளையம், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. ஒரு பக்கம் மட்டும் தோல். பழைய கஞ்சிராக்களில் அது உடும்புத் தோல்; உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. வளையத்தில் ஒரு துளை, அதில் காசுபோல சில உலோக வில்லைகள். மிருதங்கம்போல வார் இழுத்துச் சுருதி கூட்ட முடியாது. தோலின் உட்பக்கம் விரலால் தண்ணீர் தடவ வேண்டும். ஈரம் ஏறினால் ஒலி கீழே இறங்கும். காய்ந்தால் மேலே போகும். கச்சேரி முழுக்க வாத்தியார் அதையே கவனித்துக்கொண்டிருப்பார். தடவுவார், காதருகே வைத்து ஒரு தட்டுத் தட்டுவார், காத்திருப்பார், மறுபடி தட்டுவார்.

அன்றைக்குத் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் வழக்கம்போல நாலைந்து வரிசை எழுந்து கேன்டீன் பக்கம் போனது. இருந்தவர்களுக்கு முன்னால் அவர் வாசித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மிருதங்கம் கொடுத்த ஒவ்வொரு கணக்கையும் வாங்கி, பாதியாக்கி, இடது கை விரல்களால் தோலை அழுத்திக் குழைத்துத் திருப்பிக் கொடுத்தார். குறைப்பு முடிந்து கோர்வை வந்து சேர்ந்தபோது மிருதங்க வித்வானே ‘பலே’ என்றார்.

முடிந்ததும் சபாவைச் சேர்ந்த ஒருவர் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார். பாடியவர் பெயர். வயலின் பெயர். மிருதங்கத்தின் பெயர். மைக் செட் வைத்தவர் பெயர். மேடைக்குப் பூ கொடுத்தவர் பெயர். ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று முடித்துவிட்டார்.

நான் வாத்தியாரைப் பார்த்தேன். துண்டால் கஞ்சிராவின் உள்பக்கத்தை ஒற்றி, பையில் வைத்து, நாடாவை இழுத்துக் கட்டினார். ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “இன்றைக்கு ஈரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது” என்றார். அவ்வளவுதான்.

வாசிப்பு போதாதா என்று கேட்டீர்கள். அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. நாற்பது வயது தாண்டியும் அந்த வெற்று இடம் என் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 5

திரிவேணியை மூன்று முறை கேட்டுவிட்டேன். ஏழு பகுதிகள். சந்திரிகாவின் குரல், தென்னாப்பிரிக்காவின் வௌட்டர் கெல்லர்மேனின் புல்லாங்குழல், ஜப்பானிய வேர் கொண்ட எரு மட்சுமோட்டோவின் செல்லோ. மூன்று ஆறு சேருமிடம் என்று பெயர் வைத்ததற்குப் பொருள் இருக்கிறது.

முதல் முறை பஸ்ஸில் கேட்டேன், பிடிக்கவில்லை. எதுவும் நடக்கவே இல்லை என்று பட்டது. கச்சேரிக் காது அப்படித்தான், ஒரு சங்கதி முடிந்தால் அடுத்தது எங்கே என்று தேடும். இரண்டாவது முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு. அப்போதுதான் செல்லோ கேட்டது. ஓதும் குரலுக்கு அடியில் அது தரைபோலப் பரந்து கிடக்கிறது. குரல் நிற்கும் இடங்களில் குழல் நுழையாமல் ஒரு மூச்சு விட்டுத்தான் வருகிறது. அந்த ஒரு மூச்சு அளவு பொறுமை எல்லோருக்கும் வராது.

இன்றைக்கும் என் ஓட்டு அனுஷ்காவுக்குத்தான். ஆனால் முதல் நாள் சொன்ன அந்த ‘ஐயோ’வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வணிக உலகில் பெயர் எடுத்தவர் என்பதும் ஒரு குற்றம் அல்ல. அவர் முதல்முறை கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது 2011ஆம் ஆண்டு விழாவுக்கு. அன்றும் அது ஓர் ஓதல் ஆல்பம்தான். பதினான்கு ஆண்டுகள் ஒரே பாதையில் நடந்தவரைப் பொழுதுபோக்குக்குப் பாடுகிறவர் என்று சொல்வது நியாயமில்லை.

கெல்லர்மேனைப் பற்றி ஒன்று. 2015இல் இதே நியூ ஏஜ் விருதை அவர் வாங்கியபோது பக்கத்தில் நின்று சேர்ந்து வாங்கியவர் ரிக்கி கேஜ். இந்த முறை அந்த ரிக்கி கேஜ் எதிர்ப்பக்கத்தில்.

பிப்ரவரி 6

ராப் பாடகர் கென்ட்ரிக் லாமரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவருடைய ‘நாட் லைக் அஸ்’ பாட்டுக்கு ஐந்து பரிந்துரை, ஐந்தும் வெற்றி. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவும் சிறந்த பாடலும் இரண்டுமே அதற்குத்தான். ராப் பாடல் ஒன்று இந்த இரண்டையும் சேர்த்து வாங்குவது இது இரண்டாவது முறை. முதலாவது 2019இல் சைல்டிஷ் காம்பினோ.

இன்னொரு கலைஞரைத் திட்டுவதற்கென்றே எழுதிய பாட்டு ஆண்டின் சிறந்த பாட்டாக இருக்கலாமா என்பது கேள்வி. இதை நம்மிடம் கேட்பது வேடிக்கை. ‘வசைபாடக் காளமேகம்’ என்று அதற்கென்றே ஒருவரைப் பட்டியலில் வைத்துப் போற்றிய மொழி நம்முடையது. வசை வசையாக மட்டும் இருந்தால் அதே வாரத்தில் செத்துப்போகும். காளமேகத்தின் வெண்பாக்களை யாரைத் திட்டினார் என்று தெரியாமலே இன்றும் சொல்லி ரசிக்கிறோமே, அதற்குக் காரணம் சொற்கட்டு. லாமரிடமும் அந்தக் கட்டு இருக்கிறது. தாளத்தில் ஒரு அடி முந்தி விழும் அந்தச் சொற்களை ஒருமுறை கைத்தாளம் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் சிறந்த பாடல் என்ற விருது பாட்டு எழுதியவருக்கு. அந்த வரிசையில் பில்லி ஐலிஷின் ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ இருந்தது. ஏழு பரிந்துரையோடு வந்து வெறுங்கையோடு போனார் அந்தப் பெண். டெய்லர் ஸ்விஃப்டும் ஆறோடு வந்து அப்படியே போனார். ஸ்விஃப்ட் ஏற்கெனவே நான்கு முறை சிறந்த ஆல்பம் வாங்கியவர், தாங்கிக்கொள்வார். ஐலிஷுக்கு ஒன்றாவது கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

பீட்டில்ஸுக்குச் சிறந்த ராக் நிகழ்த்துதல் விருது கிடைத்ததை யாரும் பேசவில்லையே! ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிவைத்த பழைய ஒலிநாடாவிலிருந்து குரலை மட்டும் கணினி பிரித்தெடுத்துக் கொடுக்க, அதன்மேல் கட்டிய பாட்டு. கணினியே பாடியது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, குரல் லெனனுடையது. கணினி செய்தது தூசு தட்டும் வேலை.

பிப்ரவரி 8

முதல் கேள்வி கேட்ட அதே வாசகர் மறுபடி வந்திருக்கிறார்: “ஓட்டுப் போடுகிறவர்களுக்கு நம் இசையைப் பற்றி என்ன தெரியும்?”

இந்த முறை ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 13,000 பேர், எல்லோரும் இசைத்துறையில் வேலை செய்கிறவர்கள். பொதுவான ஆறு பெரிய விருதுகளுக்கு எல்லோரும் வாக்களிக்கலாம். அதற்கு மேல் அதிகபட்சம் பத்துப் பிரிவுகள்தான், அதுவும் மூன்று துறைகளுக்குள். நியூ ஏஜ் பிரிவு லத்தீன், உலக இசை, ரெக்கே ஆகியவற்றோடு ஒரே துறையில் கட்டப்பட்டிருக்கிறது. ஆக, சாம்பா தெரிந்த ஒருவர், ரெக்கே தெரிந்த ஒருவர், கடைசியில் மந்திர ஓதலுக்கும் ஒரு குறி போட்டுவிட்டுப் போகலாம். அதிக வாக்கு யாருக்கோ அவருக்கு விருது; பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று இல்லை. இந்திய வேர் கொண்ட நான்கு ஆல்பங்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது வாக்கு எப்படிப் பிரிந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

தெரியாதவர்கள் கொடுப்பதால் மதிப்பில்லை என்கிறீர்கள். தெரிந்தவர்கள் கொடுத்த விருதுகள் மட்டும் சரியாக வந்தனவா? நம் சென்னை மியூசிக் அகாடமியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இசை தெரியாதா? பாடகர் எம்.டி.ராமநாதனுக்குக் கடைசிவரை அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைக்கவில்லை. மிருதங்கத்துக்கு அந்தப் பட்டம் முதன்முதலாகப் போனது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை தாளம் போட்டவர்கள் எல்லோரும் பக்கவாத்தியம்தான். பெயரிலேயே ‘பக்கம்’ இருக்கிறது பாருங்கள்.

பிப்ரவரி 10

இன்று காலை சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் லாமர் அந்தப் பாட்டைப் பாட, அரங்கமே சேர்ந்து பாடியது. காளமேகம் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 15

அனுஷ்காவை விட்டு மனம் நகரவில்லை. அவர் முதல்முறை பரிந்துரைக்கப்பட்டது 2003இல், 21 வயதில், கார்னெகி ஹாலில் வாசித்த கச்சேரியின் பதிவுக்காக. விருது ரூபன் பிளேட்ஸுக்குப் போனது. அதே இரவில் அதே விழாவில் அனுஷ்காவின் அக்கா, ரவிசங்கரின் இன்னொரு மகள், ஐந்து கிராமிகளை அள்ளிக்கொண்டு போனார். நோரா ஜோன்ஸ்தான் அவர். ஒரு வீட்டில் ஒரே நாளில் ஒரு மகளுக்கு ஐந்து, இன்னொரு மகளுக்குப் பூச்சியம்.

அது போகட்டும். 2013இல் நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. உலக இசைப் பிரிவில் தந்தையும் மகளும் எதிரெதிராகப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். ரவிசங்கர் 2012 டிசம்பர் 11 அன்று காலமாகிவிட்டார். இரண்டு மாதம் கழித்து விழா. விருது தந்தைக்கு. தோற்றது மகள். அந்த ஆண்டே ரவிசங்கருக்கு வாழ்நாள் சாதனை விருதும் அளித்தார்கள். அதைப் பெற்றுக்கொள்ள மகள்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

இந்த ஆண்டு அனுஷ்காவுக்கு இரண்டு பரிந்துரை; ஒன்று தன் ஆல்பத்துக்கு, மற்றது ஜேக்கப் கோலியர் பாட்டில் வாரிஜாஸ்ரீ வேணுகோபாலோடு சேர்ந்து. இரண்டும் கைகூடவில்லை. ஆனாலும் அந்த ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். விருதுப் பட்டியலில் இல்லாததால் அதைத் தவறவிட்டால் நட்டம் உங்களுக்கு.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் எழுதினார்: “அம்மா, விக்கு விநாயக்ராமை மறந்துவிட்டீர்களே, அவருக்கும் கிராமி உண்டே!” மறக்கவில்லை ஐயா. உலக இசைக்கென்று ஒரு விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1992இல். வென்ற ஆல்பம் ‘பிளானட் டிரம்’. அதில் கடம் வாசித்தது விக்கு, தபலா வாசித்தது ஜாகிர் உசேன். விருதுப் பட்டியலைத் திறந்து பார்த்தால் நிற்கும் பெயர் மிக்கி ஹார்ட், குழுவைச் சேர்த்தவர். அவர் பெரிய மனிதர்தான். உலகத்தின் தோல் கருவிகளையெல்லாம் ஒரே அறைக்குள் உட்கார வைத்தவர். ஆனால் அங்கே மண்பானையில் விழுந்த விரல்கள் யாருடையவை என்று பட்டியல் சொல்லாது. நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

32 ஆண்டுகள் கழித்து 2024இல் சக்தி குழு வாங்கியபோது கஞ்சிராவோடு இருந்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். வயலின் கணேஷ் ராஜகோபாலன். பாட்டு சங்கர் மகாதேவன். கிதார் ஜான் மெக்லாக்லின். 1977க்குப் பிறகு, 46 ஆண்டுகள் கழித்து 2023இல் அந்தப் பெயரில் வந்த ஸ்டூடியோ ஆல்பம் அது. இடையில் சக்தியோடு ஊர் ஊராக வாசித்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இதைப் பார்க்க இல்லை. 2014இல், 45 வயதிலேயே போய்விட்டார். சக்தி விருது வாங்கிய மறுநாள் செய்திகளில் சங்கர் மகாதேவனும் ஜாகிரும் தலைப்பில் இருந்தார்கள். கஞ்சிராவைக் கடைசிப் பத்தியில்தான் நான் தேடிக் கண்டுபிடித்தேன். புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு ஏற்றிய வாத்தியம், லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போயிருக்கிறது!

மார்ச் 1

இங்கே எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரு யோசனை குடைந்துகொண்டே இருந்தது. இன்று காலை பரணில் ஏறிப் பையை இறக்கினேன். நாடா இற்றுப்போயிருந்தது. கஞ்சிரா நன்றாக இருக்கிறது. ஆட்டுத்தோல், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. வில்லைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

‘திஸ் மொமன்ட்’டைப் போட்டேன். தபலாவும் கஞ்சிராவும் மாறி மாறி வரும் இடத்துக்கு நகர்த்தி, ஜாகிர் ஒன்று சொல்ல, செல்வகணேஷ் அதைக் குழைத்துத் திருப்பித் தர, அந்த ஒரு நிமிடத்தை ஆறேழு முறை கேட்டிருப்பேன். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து உட்பக்கம் தடவினேன். காதருகே வைத்து ஒரு தட்டு. பொத்தென்று விழுகிறது, நாதமே இல்லை. பழக்கம் விட்டுப்போன கை, அளவு தெரியவில்லை. ஈரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறேன், காயட்டும்.